பேசாமல் கட்டிய பார்சல்

கோபம் வந்தால் குரல் உயரும் வீடுகள் உண்டு. இந்த வீட்டில் கோபம் வந்தால் மரியாதை உயரும். போன வாரம் சாப்பாட்டு மேசையில் சின்னவன் எழுந்து நின்று, "நீங்க பெட்டி கட்டுறவங்க அண்ணி. உள்ள என்ன இருக்கணும்னு நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னானே, அந்த நிமிடத்திலிருந்து அவனை இத்தனை வருஷமாக "நீ, வா, போ" என்று அழைத்துவந்த அண்ணி, "நீங்க" என்று அழைக்க ஆரம்பித்தாள். அதுவும் இரண்டொரு தடவைதான். பிறகு அழைக்கவே இல்லை.

சண்டை எதற்கென்று வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சின்னவன் ‘கிறுக்கல்’ என்று ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறான். யார் வாசலிலும் போய் நிற்காமல், தன் எழுத்தைத் தன் வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொண்டு உலகத்துக்குப் படிக்கக் கொடுக்கலாம்; அதற்கான வலைப்பதிவு மென்பொருள் அது. லினக்ஸ் போட்டுவிட்டால் எந்த ஓட்டைக் கணினியிலும் ஓடும்.

எழுதியவன் அவன். அதை யார் வேண்டுமானாலும் ஒரே ஒரு கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கட்டித் தருகிறவள் அவன் அண்ணி. எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும், எது முன்னால், எது பின்னால், பழைய பதிப்பின் குப்பையில் எதைத் துடைக்க வேண்டும் என்று அத்தனைக்கும் குறிப்பு எழுதிச் சேர்த்துக் கட்டுவாள். சொந்தக்காரர்கள் இன்றுவரை அவள் ஏதோ கூரியர் கம்பெனியில் இருப்பதாகத்தான் நினைக்கிறார்கள். அதனால் வீட்டில் அவள் பெயரே பார்சல் என்றாகிவிட்டது.

பெயர் வைத்தவள் மாமியார். பார்சலுக்கு அத்தை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து, குரலாலேயே சோறு தின்றவள். தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது குரலும் சேர்ந்து போயிற்று. அழுது தீர்த்துவிட்டு, சின்னவன் எழுதிக்கொண்டிருந்த கிறுக்கலில் போய் உட்கார்ந்தாள். "வாயாடி" என்ற பெயரில் தினமும் எழுதினாள். மருமகள் பருப்பைத் தீயவிட்டது, பெரியவன் குறட்டை விடுவது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரியோடு சைகையிலேயே சண்டை போட்டது, எல்லாம் அதில் வரும். படிக்க ஒரு கூட்டமே இருந்தது. வீட்டுக்குள் யாரிடம் என்ன சொல்ல வேண்டுமானாலும் டேப் என்கிற கைக்கணினியில் தட்டிக் காட்டுவாள். ஆனால் அவள் மனசு விட்டுப் பேசியது அங்கேதான்.

இப்போது ஒரு கம்பெனி கிறுக்கலை விலைக்கு வாங்கி, பூட்டுப் போட்டு, சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் திறந்துவிடப் பார்க்கிறது. சின்னவன் சரி என்கிறான். பார்சல் கூடாது என்கிறாள். இருவருக்கும் நடுவில் பெரியவன், அதாவது பார்சலின் கணவன், லிஃப்ட் மெக்கானிக், தான் பழுது பார்க்கும் லிஃப்டைப் போலவே இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டான். வாரம் பூராவும் ஓவர்டைம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறான்.

இனி புதுப் பதிப்பு வெளியே போன நாளுக்கு வருவோம்.

கிறுக்கலின் புதுப் பதிப்பு ஒவ்வொன்றும் வெளியே போகுமுன் இந்த வீட்டில் ஒரு வாசிப்பு நடக்கும். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் சின்னவன் உட்கார்ந்து, தான் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிப்பான். எதிர்ப்பக்கம் பார்சல் அதற்கேற்றபடி தன் குறிப்புகளைத் திருத்துவாள். பிறகு அவள் ஒன்றுமில்லாத கணினியில் நிறுவிப் பார்ப்பாள். அதற்குப் புது வீடு பார்ப்பது என்று பெயர். அவன் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஏற்றிப் பார்ப்பான். அது பழைய வீடு பார்ப்பது. கடைசியில் இருவரும் கடவுச்சொல் மாதிரியான தத்தம் ரகசியச் சாவியைப் போட்டால்தான் பேக்கேஜ் வெளியே போகும். திரும்பப் பெறவும் இருவர் சாவியும் வேண்டும். கோபத்தில் ஒருத்தர் மட்டும் கடையைச் சாத்திவிடக் கூடாது என்று, நல்லா இருந்த காலத்தில் சிரித்துக்கொண்டே போட்ட விதி அது.

இந்த முறை வாசிப்பு நடக்கவில்லை. மாற்றங்களின் சுருக்கத்தை அவன் தன் அறையிலிருந்தே அனுப்பினான். அதில் ஒரு வரி: பழைய சேமிப்புக் கோப்புறை இனித் தேவையில்லை. பார்சல் வீம்புக்கென்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தேவையில்லை என்றால் துடைத்துவிடு என்று குறிப்பில் எழுதினாள். புது வீடு பார்த்தாள். எல்லாம் ஜோராக ஓடியது. தன் சாவியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் சாவியும் விழுந்தது. பழைய வீடு பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள் பார்த்திருப்பாள் என்று அவன் நினைத்ததாகப் பிறகு தெரிந்தது.

எந்தப் பதிப்பானாலும் முதல் போணி அத்தையின் கணினியில்தான். டிவிக்குப் பின்னால் அலமாரியில், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்னக் கணினி. காலை காபி ஆறுவதற்குள் அதில் புதுப் பதிப்பை ஏற்றிவிட்டு, பார்சல் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள்.

கீழே இறங்கி வந்தபோது அத்தை மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். டேப்பை நீட்டினாள். திரையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பக்கம். ‘வணக்கம்! உங்கள் முதல் பதிவை எழுதுங்கள்’ என்றது.

முகவரி தப்பாக அடித்திருப்பாள் என்று நினைத்து, பார்சல் வாங்கித் தானே அடித்துப் பார்த்தாள். அதே வெள்ளைப் பக்கம். அத்தை டேப்பைத் திரும்ப வாங்கி மெதுவாகத் தட்டினாள்.

‘என்னோடதெல்லாம் எங்க?’

இதோ வருகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு ஓடினாள் பார்சல். பழைய சேமிப்புக் கோப்புறையைத் தேடினாள். கோப்புறையே இல்லை. புதியதைத் திறந்தாள். வெறும் கூடு. சின்னவனின் நிரலை இப்போதுதான், செய்ய வேண்டிய நேரம் கடந்து, வரிவரியாகப் படித்தாள்.

விஷயம் பால்வாடிப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். புதுப் பதிப்பு முதல் தடவை ஓடும்போது, பழைய கோப்புறையில் இருப்பதையெல்லாம் எடுத்துப் புதிய கோப்புறையில் வைக்கும். அதற்கப்புறம்தான் பழையது தேவையில்லை. பார்சலின் குறிப்போ, மென்பொருளை ஓடவிடுவதற்கு முன்பே பழையதைத் துடைத்துவிட்டது. சாமான் ஏற்ற லாரி வருமுன் வீட்டை இடித்த கதை. புது வீட்டில் இது தெரியவே தெரியாது. அங்கே துடைக்க என்ன இருக்கிறது?

"முதல்ல ஓடட்டும் அண்ணி, அப்புறம் பழசைத் தொடுங்க." மேசையில் உட்கார்ந்திருந்தால் அவன் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஒரு வாக்கியம். அதைக் கேட்காமல் விட்டது தன் திமிர் என்று அவளுக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழக்கூட நேரமில்லை.

அழிந்ததை மீட்கத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். கணினிக்குள் இருந்த அந்தச் சின்ன நினைவக அட்டை எதையும் கக்கவில்லை. வாரந்தோறும் பிரதி எடுத்துக்கொள்ளும் பென்டிரைவ் கணினியின் முதுகில் செருகியிருக்குமே என்று அலமாரிக்குப் போய்க் கையை விட்டுத் துழாவினாள். செருகும் ஓட்டைதான் தட்டுப்பட்டது. பென்டிரைவைக் காணோம். அலமாரியைக் கவிழ்த்தாள், டிவியை நகர்த்தினாள். அத்தை சோபாவில் உட்கார்ந்து அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கிறுக்கலில் எழுதும் மற்றவர்களிடமிருந்து தகவல் வர ஆரம்பித்துவிட்டது. எங்கோ ஒரு கணக்கு வாத்தியார், தான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று பணிவாகக் கேட்டிருந்தார். தேனீ வளர்க்கும் ஒருத்தி பணிவுக்கெல்லாம் இடம் வைக்கவில்லை. இன்னும் எத்தனையோ கணினிகள் இரவானால் தாமாகவே புதுசை இழுத்துப் போட்டுக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் பேக்கேஜைத் திரும்பப் பெற்றாக வேண்டும். தன் சாவியைப் போட்டாள். இன்னொரு சாவிக்காகத் திரை காத்திருந்தது.

சின்னவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. அண்ணி என்று பெயர் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்காமல் இருக்கிறான் என்று தெரிந்தது. பெரியவனைப் பிடித்தபோது, எங்கோ கிணறு மாதிரி ஓர் இடத்திலிருந்து அவன் குரல் வந்தது. தம்பி கம்பெனியில் இருக்கிறான், இன்றைக்குத்தான் கையெழுத்து, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான் என்று ஒப்புக்கொண்டான். பார்சல் போனை வைத்தாள். அவனுக்கான பூஜையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கம்பெனியில் எல்லாச் சுவரும் கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் பேசுவது தெரியும், கேட்காது. வரவேற்பில் இருந்த பெண் யாரென்று கேட்டாள். பதற்றத்தில் இவள், பார்சல் வந்திருக்குன்னு சொல்லுங்க, அவனுக்குத் தெரியும் என்றாள். அதெல்லாம் பின்வாசலில்தான் வாங்குவோம் என்று அந்தப் பெண் கையைக் காட்டினாள். வேறொரு நாளாயிருந்தால் இதை அத்தையிடம் சொல்லி, அவள் எழுதி, ஊரே சிரித்திருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் தெரிந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் மென்மையாகத் தலையாட்டும் ஒரு மேலாளர் அம்மாள். அண்ணியைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்தது. எழுந்து வராந்தாவுக்கு வந்து, இங்கேயும் வந்து மானத்தை வாங்க வேண்டுமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

அவள் தான் செய்ததை முதலில் சொன்னாள். ஓடுமுன் துடைத்துவிட்டேன், என் தப்பு என்றாள். திரும்பப் பெற உன் சாவி வேண்டும் என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு "உன்" என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கண் கண்ணாடி அறைப் பக்கம் போயிற்று. இந்த நேரத்தில் திரும்பப் பெற்றால் ஊரெல்லாம் அறிவிப்புப் போகும், கையெழுத்துப் போட உட்கார்ந்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள் என்றான். கொஞ்சம் பொறுங்கள், முடித்துவிட்டு வந்து போடுகிறேன் என்றான். ஆயிரம் பேர் எழுத்தைவிடக் கையெழுத்து ஒன்று பெரிதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பழைய சண்டை புதிதாக ஆரம்பித்திருக்கும்.

"அத்தையோடதும் போயிடுச்சு" என்றாள்.

அவன் புரியாதவன் போல் பார்த்தான்.

"எல்லாமே. காலையில நான்தான் ஏத்துனேன். டேப்பை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இன்னும் ஒரு வார்த்தை திட்டலை."

சின்னவன் அங்கேயே, வராந்தா தரையில், இஸ்திரிச் சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தான். சாவியைப் போட்டான். பேக்கேஜ் திரும்ப வந்தது. பழைய பதிப்பு அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அறிவிப்பை யார் எழுதுவது என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் கணினியை வாங்கி, ‘எங்கள் தவறு’ என்று ஆரம்பித்தாள். அவன் தடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு மேலாளர் அம்மாளின் காதில் ஏதோ சொன்னார்.

இனி அத்தையுடையது. பென்டிரைவையும் காணவில்லை என்று பார்சல் சொன்னதும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"நீதான் எடுத்தியா?"

கணினியே தெரியாத ஒரு வயதான அம்மாள்கூட வருஷக்கணக்காக இதில் எழுதுகிறாள் என்று காட்ட வேண்டும், முழுசாகக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். கழற்றிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டானாம். அம்மாவிடம் கேட்டாயா என்று அவள் கேட்டாள். காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்ச் செருகிவிடலாம் என்று இருந்தேன் என்றான். அது அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பார்சலுக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அவன் எடுத்து வந்திராவிட்டால் இந்நேரம் பென்டிரைவ் வீட்டிலேயே இருந்திருக்கும். அவள் வாசிப்புக்குக் கூப்பிட்டிருந்தால் பென்டிரைவே தேவைப்பட்டிருக்காது. யார் கணக்கில் எதை எழுதுவது?

மேலாளர் அம்மாள் வராந்தாவுக்கே வந்தார். அறிவிப்பைப் பார்த்தாயிற்று என்றார். தவறை உடனே ஒப்புக்கொண்டது நல்ல பழக்கம் என்று பாராட்டினார். பென்டிரைவைக் கேட்டதும் அவர் குரல் இன்னும் மென்மையாகிவிட்டது.

"பதறாதீங்க, அது எங்ககிட்ட பத்திரமா இருக்கு. பேச்சுவார்த்தை முடியுற வரைக்கும் உள்ள வந்த பொருள் வெளிய போகக் கூடாதுங்கறது எங்க விதி. கையெழுத்து ஆனதும் அன்னிக்கே கொடுத்துடறோம். நாளைக்கு வேணாலும் வாங்க."

பூனை எலியைத் தடவிக்கொடுப்பது மாதிரி இருந்தது அந்தப் பேச்சு. கையெழுத்தே வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று பார்சல் கேட்டாள். அப்போது சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கும், நாளாகும், என்ன சொல்வார்களோ தெரியாது என்று அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்படுகிறவர் போலத்தான் இருந்தது.

யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சின்னவன் கையெழுத்துப் போடாமலே கிளம்பினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பாதி வழியில் அவன், நீங்கள் சொன்னபோதே கேட்டிருக்கணும் அண்ணி என்றான். மீதி வழியில் அவள், நானும்தான் கேட்டிருக்கணும் என்றாள். ஒரு வாரத்துச் சண்டை அவ்வளவில் தீர்ந்தது. தீர்ந்து என்ன பயன் என்று அவளுக்குத் தோன்றியது.

அத்தை அதே சோபாவில், அதே இடத்தில் இருந்தாள். காலையில் வைத்த சாப்பாடு மூடியபடி இருந்தது. மடியில் அந்த வெள்ளைப் பக்கம். இவ்வளவு நேரத்தில் அதில் ஓர் எழுத்துக்கூட அவள் அடிக்கவில்லை.

பார்சல் எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். துடைத்தது நான் என்றாள். சின்னவன் மீதியைச் சொன்னான். பென்டிரைவ் என்று வந்ததும் அத்தை கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். டேப்பில் தட்டிக் காட்டினாள்.

‘நான் வெளியே போடாம வச்சிருந்ததும் அதுல இருக்கு. அவங்க படிச்சாங்களா?’

தெரியவில்லை அம்மா என்றான். அத்தையின் முகம் சிறுத்துப் போனதைப் பார்சலால் பார்க்க முடியவில்லை. ஆபரேட்டராக இருந்த காலத்தில் ஊரார் பேச்சு முழுக்கக் காதில் விழுந்தும் ஒரு சொல்லை வெளியே விடாதவள் என்று அவளுக்குப் பெயர். அவள் பேச்சை அவள் பிள்ளையே தூக்கிக்கொண்டுபோய் யார் மேசையிலோ வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

சின்னவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறான் என்று தோள் குலுங்கியதிலிருந்துதான் தெரிந்தது. கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணி சொன்ன மாதிரி கிறுக்கல் எல்லாருக்கும் சும்மாவே இருக்கட்டும், பென்டிரைவுக்கு வேறு வழி பார்க்கலாம் என்றான். வாரம் முழுக்க இந்த வார்த்தைக்காகத்தான் பார்சல் அவனோடு மல்லுக்கு நின்றாள். வந்துவிட்டது. ஆனால் அவள் கண் அத்தையின் மடியில் இருந்த வெள்ளைப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

"போட்டுடு" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளாப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு அதை வாங்கிட்டு வா. பூட்டுறாங்களா, பூட்டிக்கட்டும். நான் கட்டுன பேக்கேஜ்தானே, போனா போகட்டும். அத்தையோடது வரணும்."

வேண்டாம் அண்ணி, நீங்க சொன்னதுதான் சரி என்று அவன் ஆரம்பித்தான். நான் சொன்னது சரியோ தப்போ, அழித்தது நான் என்று அவள் மறித்தாள். எடுத்துக்கொண்டு போனது நான் என்று அவன் மறித்தான். ஒரு வாரம் முகம் பார்க்காத இருவரும் இப்போது போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். சண்டையின் பக்கம் மட்டும் மாறியிருந்தது; அவன் கூடாது என்றான், அவள் ஆகட்டும் என்றாள்.

அத்தை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு டேப்பை இழுத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். அவர்கள் பேச்சு தானாக அடங்கியது. அவள் டேப்பைத் திருப்பி இருவரும் பார்க்கும்படி முழங்காலில் நிறுத்தினாள்.

‘ரெண்டு பேருக்கும் இப்பவாவது பேச்சு வந்துதே, சந்தோஷம். ஆனா போனது என்னோடது. அவன் என்னைக் கேக்காம எடுத்தான், நீ என்னைக் கேக்காமத் துடைச்சே. இப்பவும் ரெண்டு பேரும் என்னைக் கேக்காமத்தான் முடிவு பண்றீங்க.’

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு எழுதியிருந்தாள்.

‘கேளுங்க.’

சின்னவன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி அவனைப் பார்த்தாள். அத்தை என்ன பதில் சொல்வாள் என்ற பயத்தில் யாரும் முதலில் கேட்கத் துணியவில்லை.